பாதை மீண்டது, சரக்கு மீளவில்லை

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான புகையிரதப் பாதை 1905 ஓகஸ்டில் முழுமை பெற்றது. அதன் வடமுனைக்கு ஒரு பெரிய ஆலை வருவதற்கு மேலும் 45 ஆண்டுகள் சென்றன.

ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. 1950இல் காங்கேசன்துறையில் அரச சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் ஆலையின் வாசலிலேயே கிடைத்தது. களிமண்ணோ மன்னார் மாவட்டத்து முருங்கனில் இருந்தது. அந்த மண் தலைமன்னார்ப் பாதையால் மதவாச்சிக்கு வந்து, வடக்கே திரும்பி, வன்னியையும் ஆனையிறவையும் கடந்து ஆலையைச் சேர்ந்தது. தண்டவாளம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு கட்டுபடியாகியிராது. வடக்கே மண்ணும் தெற்கே சீமெந்துமாக, ரயிலுக்கும் இரு திசையிலும் சுமை இருந்தது. ஆனையிறவு உப்பை நம்பி எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இதே பாதையோரத்தில்தான் அமைந்தது.

1990 ஜூனில் போரால் யாழ்தேவி ரயில் நின்றது. அதே ஆண்டு சீமெந்து ஆலையும் மூடப்பட்டது.

போருக்குப் பின் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. பயணிகளுக்கு அது பெரும் விடிவு. ஆனால் ஆலை எழவில்லை. குடாநாட்டு வெங்காயம் இன்றும் ஏ9 வீதியில் லொறியில்தான் போகிறது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் கைத்தொழில் வலயங்களுக்கென்று அரசு குறித்த வடக்கின் இடங்கள் காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன். மூன்றுமே இந்தப் பாதையில் நிலையம் உள்ள ஊர்கள். இத்தகைய வாய்ப்பு எளிதில் அமைவதல்ல. ஆனால் நிலையம் அருகில் இருந்தால் மட்டும் சரக்கு ரயிலேறிவிடாது. வலயத்துக்குள் கிளைப்பாதை வேண்டும், பொதி ஏற்றி இறக்கும் முற்றம் வேண்டும், லொறியோடு போட்டியிடும் கட்டணம் வேண்டும். புத்தளம் சீமெந்து ஆலை அரசின் கையை விட்டுப் போன பின்னரும் அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லை ரயிலிலேயே எடுத்துவருகிறது. ஆலைக்கென்றே போட்ட பாதை அங்கே இருக்கிறது.

பழைய சீமெந்துத் தொழிலையே காங்கேசன்துறையில் மீண்டும் தொடங்கலாமா? கூடாது. குடாநாட்டின் கிணறுகளுக்கு நன்னீரைத் தேக்கித் தருவது அந்தச் சுண்ணாம்புக்கல்தான். அதை ஆழ அகழ்ந்தால் கடல்நீர் உள்ளே புகும். கல் தோண்டாத தொழில்களுக்கு மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க இந்தியா 6 கோடி 15 இலட்சம் டொலரை மானியமாக அறிவித்திருக்கிறது. அந்தத் துறைமுகத் திட்டத்தில் தண்டவாள இணைப்பையும் இப்போதே சேர்க்க வேண்டும். வலயங்களில் முதலீட்டாளருக்குக் காணி பிரித்துக் கொடுத்துவிட்டால், பிறகு கிளைப்பாதைக்கு இடம் தேட முடியாது.