பாளையங்கோட்டை ஸ்வெயின்ஸன் அம்மாள்

நாம் வசிக்கும் காலடிப்பேட்டைக்கு இந்தப் பெயர் வந்தது காதுகள் செய்த கோளாறினால். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர் இது. 'காலட் பேட்டை' என்றதை ஜனங்கள் காலடிப்பேட்டை என்று வாங்கிக் கொண்டார்கள். நன்றாய்க் கேட்கும் காதுகளின் யோக்கியதையே இப்படியென்றால், பிறவியிலேயே ஓசை அறியாத குழந்தைக்குப் பாஷை எந்த வழியாகப் போய்ச் சேரும்?

இந்தக் கேள்விக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் என்னும் மாது. இங்கிலாந்திலிருந்து மிஷன் ஊழியராய் வந்து, பாளையங்கோட்டை ஸாரா டக்கர் ஸ்தாபனத்தில் பெண் கல்விப் பணி புரிந்தவர். 1890-களின் நடுவில் காது கேளாத சிறுமிகளுக்கு எழுத்தறிவிக்க முற்பட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அம்முயற்சி தனிப் பள்ளிக்கூடமாக வளர்ந்து விட்டது. அதற்கு முன் இத்தேசத்தில் இவ்வகையில் பேர் பெற்றவை பம்பாயில் 1885-லும் கல்கத்தாவில் 1893-லும் தோன்றிய பள்ளிகளே. எழுத்தோடு தையல், நெசவு முதலிய கைத்தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. வீட்டு மூலையில் கிடந்த பெண் தானே சம்பாதித்துச் சாப்பிடலாம் என்பது அக்காலத்தில் சாமானியமான காரியமல்ல. அந்நியர் ஆட்சியைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் எதுவாயினும், நம் குழந்தைகளை நாமே கவனியாதிருந்தபோது கவனித்தவரை மறப்பது நன்றியாகாது.

அம்மாள் எடுத்துக்கொண்ட வேலை எவ்வளவு கடினம் என்பதை உபாத்தியாயர்களாகிய நாம் அறிவோம். வாயசைப்பைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளலாமே என்று சிலர் சுலபமாய்ச் சொல்லி விடுகிறார்கள். நேயர்கள் கண்ணாடிக்கு முன் நின்று, சத்தமில்லாமல், 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு 'பணம்', 'மணம்'. உதடுகள் இரண்டுக்கும் ஒன்றே போல் மூடித் திறக்கின்றன. வித்தியாசமெல்லாம் மூக்கிலும் தொண்டையிலும் ஒளிந்து கிடக்கிறது. ககரமோ தொண்டைக்கருகே பிறப்பதால் கண்ணுக்கே அகப்படாது. மீதியை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டும். பாஷை தெரிந்தவன் ஊகிப்பான். பாஷையே இன்னும் கிட்டாத குழந்தை எதைக் கொண்டு ஊகிக்கும்?

ஆகவே கைகளின் பாஷை அவசியமாகிறது. செவிகேளாக் குழந்தைகள் பத்துப் பேர் ஒரு விடுதியில் சேர்ந்தால், எந்த நாடானாலும், தமக்குள் சைகையால் பேசிக்கொள்ளத் தொடங்கி விடுகிறார்கள். இயற்கையான இந்தப் பாஷையை 1880-இல் மிலான் நகரில் கூடிய உபாத்தியாயர் மகாநாடு ஒன்று பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் பிரதிநிதிகளில் செவிகேளாதவர் ஒரே ஒருவர்! பாத்திரம் அறியாமல் சமைத்தவர்களை என்னென்பது? பல நாடுகளில் குழந்தைகளின் கைகளைக் கட்டிப்போட்ட அத்தீர்மானத்துக்காக 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மகாநாட்டின் வாரிசுகள் வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது வருஷங்கள் கழித்து!

நம் நாட்டில் இந்திய சைகை மொழிக்கென ஆராய்ச்சி நிலையமொன்று 2015-இல் டில்லியில் ஏற்பட்டது. 2021-இல் அது வெளியிட்ட அகராதியில் பதினாயிரம் சொற்கள் உள்ளன. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகை மொழியைக் குறிப்பிடுகிறது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் வீடுகளின் நிலைமை என்ன? 'ஊமை' என்ற சொல்லையே நாம் இன்னும் விடவில்லை. அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குரலுக்கு யாதொரு குறையுமில்லை. கேளாததால் பேச்சு வரவில்லை, அவ்வளவே. 'அப்பாவும் நாலு வயசிலேதான் பேசினார்' என்று பாட்டிமார் ஆறுதல் சொல்லச் சொல்ல வருஷங்கள் ஓடி விடுகின்றன. பாஷை படியும் பருவமோ முதல் சில வருஷங்களே. கதவு தடாலென்று சாத்தினாலும் திரும்பிப் பாராத சிசுவை அம்மாதமே காது வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஜோசியரிடம் பிறகு போகலாம். செவிக்குள் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. அது எல்லாருக்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. பலித்தாலும் பலிக்காவிட்டாலும் தாய் தகப்பன்மார் சைகை கற்பது நஷ்டமல்ல என்பதே நம் அபிப்பிராயம். சைகை கற்றால் பேச்சு வராது என்ற பயத்தில் குழந்தையோடு எந்தப் பாஷையிலும் பேசாதிருக்கும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். சாப்பிடு, தூங்கு என்ற இரண்டுக்கு மேல் அக்குழந்தைக்குத் தாயிடமிருந்து எதுவும் கிடைப்பதில்லை.

ஸ்வெயின்ஸன் அம்மாளின் பள்ளி அவர் பெயரையே தாங்கி, மேல்நிலைப் பள்ளியாகப் பாளையங்கோட்டையில் நடந்து வருகிறது. எழும்பூரில் இரவு ரயிலேறினால் விடியும்போது திருநெல்வேலி. சாரலுக்குக் குற்றாலம் புறப்படும் நேயர்கள், முன்கூட்டி அனுமதி பெற்று, ஒரு காலை வேளை அங்கே இறங்கிப் பார்க்கலாம். சாரல் காலத்தில் பள்ளிக்கூடமும் திறந்திருக்கும்.