மூன்றாவது பாதை விற்பனைக்கு இல்லை

பழைய கேம் வேண்டுமா, சந்தா கட்டுங்கள். சொந்தமாக வாங்கும் பேச்சே கிடையாது. 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் இணையக் கடையில் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியதிலிருந்து நிண்டெண்டோவின் நிலைப்பாடு இதுதான். கடையை மூடப்போவதாக 2022 பிப்ரவரியில் அறிவித்தபோது, பழைய கேம்களை வேறு வழியில் தரும் திட்டம் இல்லை என்று கேள்வி-பதில் பகுதியில் அவர்களே எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பதிலைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். முடிவை மட்டும் மாற்றவில்லை.

இதில் பலமாக அடிபட்டவை, கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆர்பிஜி கேம்கள். கார் பந்தய கேமில் பழையது போனால் புதியதை வைத்து ஒப்பேற்றலாம். நாற்பது, ஐம்பது மணி நேரம் ஓடும் கதையை அப்படி ஈடுகட்ட முடியாது.

3டிஎஸ் கேமான ஃபயர் எம்பளம் ஃபேட்ஸுக்கு நேர்ந்ததையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2016-இல் வெளியிட்டபோது ஒரே கதையை மூன்றாகக் கூறுபோட்டு விற்றார்கள். நாயகனுக்குச் சொந்தம் ஒரு நாட்டில், வளர்ப்பு எதிரி நாட்டில். ஆறாவது அத்தியாயத்தில் இரு சேனைகளும் எதிரெதிரே நிற்கின்றன. அந்தப் பக்கம் ஓர் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. இந்தப் பக்கமும் ஓர் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. இரு தரப்பும் ‘எங்களோடு வா’ என்று கூப்பிடுகின்றன. பிறந்த நாட்டோடு போனால் பர்த்ரைட், வளர்த்த நாட்டோடு போனால் காங்க்வெஸ்ட். தலா 40 டாலருக்குத் தனித்தனி கார்ட்ரிட்ஜ். இரு பக்கமும் சேராமல் போகும் மூன்றாவது பாதைக்கு ரெவலேஷன் என்று பெயர். போரை மூட்டிவிட்டவன் யார் என்ற முழு உண்மை அதில்தான் வெளிவருகிறது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த சிறப்புப் பதிப்பு கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் 20 டாலர் கூடுதலாகக் கொடுத்து இணையக் கடையிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடை போயிற்று, அதோடு பாதையும் போயிற்று. இன்று ஒருவர் பர்த்ரைட் கார்ட்ரிட்ஜைத் தேடிப்பிடித்து வாங்கி, இரவெல்லாம் விழித்து ஆடி முடித்தாலும், கதையின் முடிச்சு அவிழாமலே கருவியை அணைத்து வைக்க வேண்டியதுதான். துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கங்களைப் பதிப்பாளரே கிழித்துப் பெட்டியில் பூட்டிக்கொண்ட மாதிரி. சிறப்புப் பதிப்போ பழைய பொருள் சந்தையில் அசல் விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது. அந்தப் பணத்தில் ஒரு காசுகூட கேமை உருவாக்கியவர்களுக்குப் போகாது.

கிரிம்சன் ஷ்ரவுடின் கதி இன்னும் மோசம். ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸைத் தந்த யசுமி மட்சுனோ, மேசையில் பகடை உருட்டி ஆடும் அந்தக்கால ஆர்பிஜிகளை நினைத்துச் செய்தது அது. பாத்திரங்கள் பீடத்தில் நிறுத்திய பொம்மைகளாக நிற்பார்கள். தொடுதிரையில் பகடையை நாம்தான் உருட்டிவிட வேண்டும். ஜப்பானுக்கு வெளியே அது பதிவிறக்கமாக மட்டுமே விற்றது. ஆகவே அதன் ஆங்கிலப் பதிப்பை முறையாகக் காசு கொடுத்து வாங்க இன்று ஒரு கடையும் இல்லை.

3டிஎஸ் போன்ற கருவிகளின் இரட்டைத் திரை கேம்களை ஒற்றைத் திரைக்கு மாற்றுவது லேசுப்பட்ட வேலையா என்று வக்காலத்து வாங்குவோர் உண்டு. ஈட்ரியன் ஒடிசியின் முதல் மூன்று பாகங்களை அட்லஸ் 2023-இல் மாற்றிக் காட்டியது. பிரேவ்லி டிஃபால்ட்டை ஸ்கொயர் எனிக்ஸ் 2025-இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2-க்குக் கொண்டுவந்தது. மனம் இருந்தவர்கள் செய்துவிட்டார்கள்.

நிண்டெண்டோவின் கியோட்டோ தலைமையகத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. 2006-இல் ஜப்பானில் வந்த மதர் 3-ஐ ஆங்கிலத்தில் தரச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போன ரசிகர்கள், 2008-இல் தாங்களே மொழிபெயர்த்து முடித்தார்கள். ஸெனோபிளேடு க்ரோனிகிள்ஸ் 2011-இலேயே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்க ரசிகர்கள் ஓர் இயக்கமே நடத்திய பிறகு 2012-இல்தான் அங்கே எட்டிப்பார்த்தது. இவற்றை மெத்தனம் என்று விட்டுத்தள்ளலாம். ஆனால் 1990-இல் வந்த முதல் ஃபயர் எம்பளத்தை முப்பது ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில் ஆங்கிலத்தில் வெளியிட்டு, 2021 மார்ச் 31-ஆம் தேதியோடு விற்பனையை நிறுத்தினார்களே, அதற்கு என்ன சமாதானம்? அது வெறும் பதிவிறக்கம். கிடங்கில் இடம் இல்லாமல் போனதா, லாரி கிடைக்கவில்லையா? ஆறு டாலர் சரக்குக்குத் திட்டமிட்டுப் பஞ்சம் உண்டாக்கினார்கள். வாங்கக் காத்திருந்தவனை அவசரப்படுத்திப் பணம் பார்க்கும் தெருமுனைத் தந்திரம் இது. நூறாண்டு கடந்த நிறுவனத்துக்கு அழகா?

தாங்களும் விற்க மாட்டார்கள், பிறர் பாதுகாக்கவும் விட மாட்டார்கள். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்குச் சொன்னது. நூலகச் சேகரிப்பில் உள்ள பழைய கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே திறந்து பார்க்க அனுமதி கேட்டபோது, நிண்டெண்டோ அங்கம் வகிக்கும் தொழில் சங்கம் எதிர்த்து நின்றது. 2024 அக்டோபரில் அந்த அனுமதி மறுக்கப்பட்டது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, திருட்டுப் பிரதி ஆடுகிறார்கள் என்று புலம்பினால் யார் இரங்குவார்கள்?

பிஎஸ்3, வீட்டா கடைகளை மூடுவதாக 2021-இல் அறிவித்த சோனி ஒரு மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றது. அதனால் அவர்கள் குடி முழுகிவிடவில்லை. இவர்களோ எர்த்பவுண்ட் சந்தாவில் இருக்கிறது, கோல்டன் சன் இருக்கிறது என்று பட்டியல் காட்டுகிறார்கள். சந்தா நின்ற அன்றே அவையும் நின்றுவிடும். 3டிஎஸ் கதைகளோ அந்தப் பட்டியலிலும் இல்லை. ஏதாவது ஒரு வழியில் அவை மறுபடி விலைக்கு வந்தாக வேண்டும். எந்தக் கருவியில், எந்த வடிவில் என்பது அவர்கள் பாடு. ஸ்விட்ச் கடையின் மூடுவிழாவுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் செய்யட்டும்.