வெளியே சொல்லாத வியாதி

காய்ச்சல் வந்தால் ஊரறியச் சொல்லுகிறோம். கண் மங்கினால் கண்ணாடி வாங்கிக்கொள்ளுகிறோம். சிறுநீரை அடக்க முடியவில்லை என்பதை மட்டும் கணவனிடங்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்காய்க் காலங்கடத்தும் ஸ்திரீகள் எத்தனையோ பேர். புருஷர்களும் இவ்வியாதிக்கு விலக்கல்லர்.

எங்கள் விருதுநகர், சிவகாசிச் சீமையின் வெயிலை நேயர்கள் அறிவார்கள். பட்டாசுச் சாலைகளில், விபத்துக்கு அஞ்சிக் கொட்டகைகளை ஒன்றுக்கொன்று தள்ளியே கட்டியிருப்பார்கள். கூலியோ பெரும்பாலும் செய்து முடித்த எண்ணிக்கைக்குத்தான். அடிக்கடி எழுந்து போகிறவளுக்கு அத்தனைக்கத்தனை கூலி குறையும். இதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே அவள் குறைத்தால் விளைவு என்ன? சிறுநீர் கடுத்து, எரிச்சல் மிகுந்து, அவசரம் முன்னிலும் அதிகமாகும்.

மூத்திரப்பை நிறைய நிறைய, நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். மூளை "சற்றே பொறு" என்று கட்டளையிடும். இந்தப் போக்குவரத்துப் பிசகினால், பை நிறையுமுன்பே அதன் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது. நீரிழிவோ கிருமித் தொற்றோ காரணமா என்று முதலில் சோதிக்க வேண்டும். இல்லையெனில், குறித்த நேரத்தில் போய்ப் பழகுதல், இடுப்படித் தசைப் பயிற்சி, காப்பியைக் குறைத்தல், மாத்திரை ஆகியவற்றாலேயே பலர் குணமடைவதுண்டு.

இவற்றுக்கும் மசியாத வியாதிக்கு மின்சாரம் துணைக்கு வந்திருக்கிறது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் எமில் தனாகோ, ரிச்சர்டு ஷ்மிட் என்ற டாக்டர்கள் 1980-களின் தொடக்கத்தில் இம்முறையை மனிதரிடம் கையாண்டனர். 1997-ல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி அளித்தது.

முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பின் மூன்றாவது துவாரத்தின் வழியே மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, அங்குள்ள நரம்பின் அருகே நிறுத்துகிறார்கள். சில நாட்கள் வெளியிலிருந்தே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். தொந்தரவு பாதியாவது குறைந்தால்தான், சிறு மின்கருவியைப் பிருஷ்டத்தின் மேற்புறத்தில் தோலுக்கடியில் பதிப்பார்கள். வாங்குமுன் பரீட்சித்துப் பார்க்கும் வசதி மற்ற ரண சிகிச்சைகளில் எளிதில் கிட்டாது! கணுக்காலருகே ஊசி செருகி மின்சாரம் செலுத்தும் எளிய முறையும் உண்டு. அதற்கு வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு வாரம் போய்வர வேண்டும்.

குறைகளும் இல்லாமலில்லை. செலவு மிகுதி, கம்பி இடம் பெயரலாம், புண் சீழ்கொள்ளலாம், மின்கலம் தீர்ந்தால் மாற்ற வேண்டும். கூலிக்காரக் குடும்பத்துக்கு இது இன்னும் எட்டாக் கனியே.

ஆனால் முதற்சோதனை எட்டாததன்று. 2022-ல் விருதுநகரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது. முதலாளிமார் கொட்டகைக்கு அருகே குடிநீரும் கழிப்பிடமும் அமைத்துக் கொடுக்கட்டும். வீட்டிலுள்ள பெண்மக்கள், இரவில் நாலைந்து தடவை எழுந்திருக்கும் தாயாரைத் தனியே அழைத்து, "என்னம்மா உடம்புக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். வைத்தியர் செய்ய வேண்டியது அதற்குப் பிறகுதான்.