முதற்போட்டிக்கு எந்த மிதிவண்டி?

“விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்” என்பர் பெரியோர். நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின் ஓடியும் முடிக்க வேண்டிய டிரையத்லான் என்னும் முப்போட்டியில் முதன்முதலாக இறங்கும் தோழியருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே.

2000-ஆம் ஆண்டு சிட்னியில் இப்போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம்! புதியவர்கள் பெரும்பாலும் இதில் பாதித் தூரத்தில் தொடங்குவர். நீச்சலுக்கு உடையும் ஓட்டத்திற்குக் காலணியும் போதும். வீட்டில் கலக்கம் பிறப்பது மிதிவண்டியால்தான். பந்தய வண்டியின் விலையைக் கேட்ட அம்மா பேசவில்லை. அப்பாவோ கடன் வாங்கப் புறப்பட்டார். நான் தடுத்துவிட்டேன்.

முதலில் அண்ணனின் வண்டியில் பழகினேன். அது எனக்குப் பெரிது. பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு ஆடியது; பத்தே நாளில் முழங்கால் வலி! பிறகு அக்காவின் பழைய வண்டியை எடுத்தேன். தெருமுனைக் கடைத் தாத்தா ஓர் எளிய கணக்குச் சொன்னார். சீட்டில் அமர்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடியும். கையை வலிந்து நீட்டாமல் பிரேக் எட்டவும் வேண்டும். அவ்வாறே திருத்தியதும் வலி பறந்தது. அவ்வண்டியிலேயே 20 கி.மீ. ஓட்டினேன். பலர் முந்தினர், ஆயினும் இறங்கியதும் என்னால் ஓட முடிந்தது!

விலையுயர்ந்த வண்டி வேகம் தராதா? தரும், மறுக்கவில்லை. ஆனால் முன்கைகளை ஊன்றிக் குனிந்து செல்லும் சிறப்புக் கைப்பிடியில் கைகள் பிரேக்கை விட்டு விலகியிருக்கும். பழகாதவருக்கு அது ஆபத்தன்றோ? 1979-இல் ஹவாயின் ‘அயர்ன்மேன்’ முப்போட்டியில் ஒரே பெண்ணாகக் கலந்துகொண்டு ஐந்தாவதாக வந்தார் லின் லெமேர். தேர்ந்த சைக்கிள் வீராங்கனையான அவர் 180 கி.மீ. மிதித்த அந்நாளில் இத்தகைய கைப்பிடிகள் கடைக்கு வந்திருக்கவில்லை.

எனவே, உடலுக்குப் பொருந்தும் வண்டியே முதல் வண்டி என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரேக்கும் ஹெல்மெட்டும் வாங்குங்கள். ஹெல்மெட் இல்லாதவரைப் போட்டியில் வண்டியைத் தொடவே விடமாட்டார்கள். ஓராண்டு ஓட்டியபின் ஆசை நிலைத்தால் புதியது வாங்கலாம்.

தோழியரே! அளவறிந்து தேர்வோம், பெற்றோரைக் கடனாளி ஆக்காமல் களம் காண்போம்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி