கத்திக்கு முன் ஒரு சாட்சி

மாமல்லபுரத்தில் அலையில் சிக்கி மறைந்த இளைஞனொருவனின் உடல், இரண்டொரு நாட்களில் தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ கரை ஒதுங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, பிணவறை வாயிலில் நிற்கும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: அறுக்காமல் கொடுத்துவிட முடியாதா?

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இன்று பாதி விடை தந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து வைத்தியர்கள் வளர்த்தெடுத்த ஸ்கேன் வழிப் பிரேதப் பரிசோதனை, 2021-இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை சில நிமிஷங்களில் படமெடுக்கும் சி.டி. யந்திரம், எலும்பு முறிவையும், உடலுக்குள் தங்கிய குண்டையும், கத்தி பட்டால் கலைந்துபோகக்கூடிய மார்புக் காற்றையும் உள்ளபடி காட்டுகிறது. ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நேரும் விபத்து மரணங்களில் இதன் உபகாரம் பெரிது.

ஆயினும் படத்தையே முழு சாட்சியமாகக் கொள்வது அபாயம். மூழ்கியவரின் நுரையீரலில் படர்ந்த வெண்மையும், மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் தேங்கிய நீரும் ஸ்கேனில் தெரியும். ஆனால், கொன்றபின் கடலில் வீசப்பட்ட உடலுக்குள்ளும் நீர் புகுமாதலால், தொடை எலும்பு மஜ்ஜையை எடுத்து, அதில் டயாட்டம் என்னும் நுண்பாசி உண்டா என்று தேடும் பழைய சோதனைக்கு இன்றும் வேலை இருக்கிறது. இங்கிலாந்தில் 182 உடல்களை ஸ்கேன் செய்தபின் அறுத்தும் பார்த்து, 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சி.டி. படத்தைக் கொண்டு சொன்ன மரண காரணம் 32 சதவீதம் பிசகியிருந்தது. இருதய நோயும், நுரையீரல் நாளத்து அடைப்பும், நிமோனியாவும் படத்துக்குத் தப்பின.

விஷமோ பெரும்பாலும் படத்துக்கு அகப்படாது. 1693-இல் சென்னைக் கோட்டையில் எட்வர்ட் பல்க்லி செய்ததும், இந்தியாவின் முதல் மருத்துவ-சட்டப் பிரேதப் பரிசோதனை என்று சரித்திரம் குறிப்பதுமான பரிசோதனையே பாஷாண மரணத்தைப் பற்றியது. 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் மதுராந்தகம் வட்டாரத்திலும் இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட விஷச் சாராயத்தில் மெத்தனால் இருந்ததை மெய்ப்பித்ததும் ரசாயனப் பரிசோதனையே அன்றி, எந்தப் படமும் அன்று.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? கத்திக்குப் பதிலாக அன்று, கத்திக்கு முன்னால் வைப்பதற்கு என்பதே என் அபிப்பிராயம். சந்தேக மரணங்களில் பந்துக்கள் உடலை வாங்க மறுப்பதும், மறு பிரேதப் பரிசோதனை கோரி உயர் நீதிமன்றம் செல்வதும் தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் காட்சிகள். ஒருமுறை அறுத்த உடல் முன்னிருந்த நிலைக்குத் திரும்பாது. தகனம் ஆகிவிட்டாலோ பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. கத்தி தொடுவதற்கு முன் எடுத்த முழு உடல் படமோ, பத்து ஆண்டுகள் கழித்தும் வேறொரு நிபுணர் விரித்துப் பார்க்கும்படி அப்படியே இருக்கும். பரிசோதித்தவரின் சொல்லை நம்புவதா வேண்டாமா என்று தவிக்கும் குடும்பத்துக்கும், நியாயம் வழங்க வேண்டிய நீதிபதிக்கும், நேர்மையாகப் பணிபுரிந்தும் பழி சுமக்கும் வைத்தியருக்கும் அதுவே பாதுகாப்பு.

ஆகவே, கடற்கரையும் நெடுஞ்சாலையும் ஒருங்கே தன் பொறுப்பில் விழுந்துள்ள செங்கல்பட்டு மருத்துவமனையில், பிணவறைக்கென்றே ஒரு சி.டி. யந்திரத்தை அரசு நிறுவ வேண்டும். படத்தைத் தடயவியல் மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். காரணம் ஐயமற விளங்கும் விபத்துகளில் அறுவையைக் குறைப்பது பற்றிச் சட்டம் யோசிக்கலாம். காவலில் நேர்ந்த மரணம், மணமாகி ஏழாண்டுக்குள் இறந்த பெண்ணின் மரணம், விஷமென்று ஐயுறும் மரணம் ஆகியவற்றில் மட்டும், படம் எவ்வளவு தெளிவாயினும், கத்தியைக் கீழே வைக்க எவருக்கும் அனுமதி இருக்கலாகாது.