பனைவெல்லப் பரீட்சை

பழைய பனைவெல்லத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயிலிட்டு, "இது அசல், ஒரு மழைக்காலம் கண்டது" என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய நாக்கு முன்பெல்லாம் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் அது பாட்டியின் நாக்கு. இப்போது விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடைத்தெருவில் நிற்கிறவர்களைக் கவனியுங்கள். கண்ணால் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், வாங்கிப் போகிறார்கள். நாக்குக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த விஷயத்தில் மெக்ஸிகோ தேசத்தாரிடம் நாம் சற்றுப் பாடம் கேட்கலாம். நம் இருப்புப் பாதைகளின் ஓரத்தில் வேலியாக வைத்தமையால் ரயில் கற்றாழை என்று பெயர் பெற்ற செடியை அறிவீர்கள் அல்லவா? அதன் தாயாதியான நீலக் கற்றாழையிலிருந்து அவர்கள் தெக்கீலா என்னும் மதுவை வடிக்கிறார்கள். (குடும்பப் பத்திரிகையில் மதுவா என்று பதற வேண்டாம், பீப்பாயைத் திறக்கப் போவதில்லை.) ஓக் மரப் பீப்பாயில் 2 மாதம் கிடந்தால் அதற்கு ஒரு பெயர், ஓராண்டு கிடந்தால் வேறு பெயர், 3 ஆண்டானால் மற்றொரு பெயர் என்று சட்டமே வகுத்திருக்கிறது. ஆனால் அதே சட்டம், சர்க்கரையில் நூற்றுக்கு 51 பங்கு கற்றாழையினுடையதாக இருந்தால் போதும், மீதி கரும்பினுடையதாக இருக்கலாம் என்றும் இடங்கொடுக்கிறது. நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையும் சிறிது சேர்க்கலாம். ஆகையால் தேர்ந்தவர்கள் நிறத்தை நம்புவதில்லை. முழுதும் கற்றாழை என்று சீட்டில் கண்டிருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து, அதன் பிறகே நாவில் வைக்கிறார்கள். பீப்பாயின் வாசனை கற்றாழையின் வாசனையை விழுங்கியிருந்தால், வயதுக்காக மட்டும் மார்க்குப் போடுவதில்லை.

பனைவெல்லத்துக்கும் இதே சங்கடந்தான். கடைத்தெருவில் குவித்து விற்கும் வெல்லத்தில் சீட்டும் இராது.

முதலில் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் கண்ணாடித் தூள் தூவினாற்போல் மினுமினுத்தால் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதென்று சந்தேகிக்கலாம். அசல் மங்கலாகவே இருக்கும். வாயிலிட்டதும் தித்திப்பு அறையக் கூடாது. முதலில் அடுப்புப் புகையின் வாசனை, பிறகு இனிப்பு, கடைசியில் நாவின் ஓரத்தில் மெல்லிய கரிப்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதால்தான் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. சுண்ணாம்பு மிஞ்சினால் நாக்கு சுரசுரக்கும்; குறைந்தால் புளிப்பு எட்டிப் பார்க்கும். அந்த அளவில் இருக்கிறது பனையேறியின் கைத்திறமை.

வயதின் விஷயத்துக்கு வருவோம். புது வெல்லம் கபத்தை மிகுக்கும், ஓராண்டு பழகியதே மேல் என்பது ஆயுர்வேதக் கொள்கை. ஐப்பசி மழையில் அசல் பனைவெல்லம் ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகும், கறுக்கும். இதைக் கண்டு "கெட்டுப் போயிற்று" என்று எறிகிறவர்கள் உண்டு! சர்க்கரை கலந்ததோ கல்லைப்போல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பூஞ்சை வாடை வந்தால் மட்டும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விக்கிரவாண்டிப் பக்கத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசை முதலிய ஊர்களில் பனையேறிகள் பருவம் முழுவதும் காலையிலும் மாலையிலும் மரம் ஏறுகிறார்கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் பதநீரும் வெல்லமுமே அவர்களுக்கு முக்கிய ஜீவனம். பதநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவே சர்க்கரை; ஒரு கிலோ வெல்லத்துக்குச் சுமார் 8 லிட்டர் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாதபடி ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு, வீட்டுப் பெண்கள் மணிக்கணக்காக அடுப்பைக் காத்து நிற்கிறார்கள். அப்படிப் பிறந்த பொருள் கரும்பு வெல்லத்தின் விலைக்கு எப்படிக் கிடைக்கும்? வெளுப்பாக வேண்டும், கெட்டியாக வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். மூன்றையும் ஒருங்கே தரக்கூடியது சர்க்கரை மூட்டை ஒன்றுதான். யோக்கியமாகக் காய்ச்சியவனை நாமே பெயிலாக்கிவிட்டு, கலப்படக்காரனை முதல் வகுப்பில் தேர்ச்சி பெறச் செய்கிறோம். என் வகுப்பில் பனையேறி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. தகப்பனார் தொழிலுக்குப் போவாயா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

கூடுமானால் சித்திரை, வைகாசியில் காய்ச்சுகிற இடத்துக்கே போய், கொட்டாங்கச்சியில் வார்த்த வெல்லத்தை ஒன்றை உடைக்கச் சொல்லி, ருசி பார்த்து வாங்குங்கள். ஈரமில்லாத மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் வேடுகட்டி, அடுப்பங்கரைப் பரணில் அடுத்த சித்திரை வரை வைத்திருங்கள். கரைத்தால் அடியில் சற்றுச் சுண்ணாம்பு தங்கும், வடிகட்டிக்கொள்ள வேண்டும்.