ஆழியாற்றுத் தண்ணீர் யார் தட்டுக்கு?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் முதலமடை. இந்தியாவில் பல இடங்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் முற்றிவிடும். அதனால் டில்லிச் சந்தை வரை முதலமடை மாங்காய்க்குத் தனி விலை. மழை பொய்த்தாலும் தோப்புக்கு ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. ஆனால் அந்தத் தோப்பில் காய் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் பெண்ணுக்கு வீட்டுப் பின்புறத்தில் ஒரு பாத்தி கீரை போடத் தண்ணீர் கிடைப்பதில்லை.

முதலமடை இருக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் பாசனம் என்றாலே பேச்சு டி.எம்.சி.யில்தான் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) நடக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கு 1970-ல் கேரளமும் தமிழ்நாடும் போட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். வரத்து குறைந்தால் விவசாயிகள் கொதித்தெழுகிறார்கள். அது நியாயமான கோபம்தான். ஆனால் தண்ணீர் அந்த ஆற்றின் மூலத்தறை மதகுக்கு வந்ததும் பேச்சு நெல்லுக்கும் தென்னைக்கும் போய்விடுகிறது. வாய்க்காலில் உரிமை ஆயக்கட்டுதாரருக்கு. ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் உள்ளவர். மூன்று சென்ட் காலனி வீட்டில் இருக்கும் கூலிக்காரப் பெண் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

பாசனம் வந்தால் எல்லாருக்கும் சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாம் பயிர் விளைந்தால் கூலி நாள் கூடும், கையில் காசு புரளும். ஆனால் இன்று பாலக்காட்டு வயல்களில் நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, வங்காளத்திலிருந்து தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்களின் நடவுக்கூலி சுருங்கிவிட்டது. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், இரத்தத்தை ஊற வைக்காது.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி ஒரு காலத்தில் நிலக்கடலையும் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரி பூமி. அந்தக் காட்டில் களை வெட்டப் போகும் பெண்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை என்று மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். யாரும் விதைக்காதது, யாரும் விலை கேட்காதது. அவரையும் தட்டைப்பயறும் ஊடுபயிராகவே நின்றன. சோளக்காடு தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக மாறியபோது அந்த மடிக்கீரை போயிற்று. பூச்சிமருந்து அடித்த தோப்பில் கீரை முளைத்தாலும் யார் பறிப்பார்கள்? நில உடைமையாளருக்குப் பாசனம் கூட்டிக் கொடுத்த வருமானம் ஒரு பக்கம் இருக்க, கூலிக்காரக் குடும்பத்தின் இரும்புச்சத்து மறுபக்கம் சத்தமில்லாமல் குறைந்தது. இந்தக் கழித்தல் எந்தப் பாசனத் திட்ட அறிக்கையிலும் ஏற வேண்டிய கணக்கு.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4, கேரளத்தில் 36.3. கேரளம் பரவாயில்லையே என்று தோன்றும். அதே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில்தான் 2013-ல் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து, தாய்மார்களின் ஊட்டச்சத்துக் குறைவும் இரத்தசோகையும் வெளியே வந்தன. மாநிலச் சராசரிக்குள் ஆதிவாசி ஊர்களும் எல்லையோரக் காலனிகளும் மறைந்துபோகின்றன.

கீரை மட்டுமல்ல, குடிதண்ணீரே தூரம் போனால் பெண்ணின் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை முதலமடைக்குப் பக்கத்து ஊரான பிளாச்சிமடை காட்டியது. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்த பிறகு கிணறுகள் கெட்டன. பெண்கள் குடத்தோடு தூரம் நடந்தார்கள். 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தின் முகமாக நின்றவர் எரவாளர் சமூகத்துப் பெண் மயிலம்மா. 2004-ல் ஆலை நின்றது. குடம் சுமந்து நடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூலியிலும் உறக்கத்திலும் அடுப்படி வேலையிலும் கழிகிறது. உடம்பில் இருக்கும் கொஞ்ச சக்தியும் அதில் கரைகிறது. கிடைக்கும் தண்ணீரிலும் சாதி குறுக்கே நிற்கும். கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தண்ணீர் எடுப்பதில்கூடப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று சக்கிலியர் மக்கள் 2017-ல் எழுப்பிய புகார் கேரளம் முழுக்கப் பேசப்பட்டது.

வழி இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் கலாலே என்ற வறண்ட வட்டாரத்தில் பெண்கள் குழுக்களிடம் சூரியசக்தி பம்பும் சொட்டுநீர்ப் பாசனமும் கொடுத்தார்கள். கோடையிலும் காய்கறி விளைந்தது. கொஞ்சம் வீட்டுச் சட்டிக்குப் போனது, மீதியை விற்றார்கள். அங்கே தண்ணீரோடு பாத்தியும் பெண்கள் கையில் இருந்தது. கேரளத்தில் இதற்கான ஆள்பலத்தைத் தேட வேண்டியதே இல்லை. 1998-ல் தொடங்கிய கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தின் பெண்கள் குழுக்கள் குத்தகை நிலத்தில் கூட்டாகப் பயிர் செய்து பழகியவர்கள்.

எனவே இந்த வட்டாரத்து மீங்கரை, சுள்ளியாறு அணைகளிலும் மூலத்தறையிலும் தண்ணீர் திறக்கும் நாளைக் குறிக்கும் கூட்டத்தில் நிலமில்லாத பெண்களின் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். வாய்க்கால் ஓடும்போது காலனிகளை ஒட்டிய குளங்கள் முதலில் நிரம்ப வேண்டும். அந்தக் குளத்தங்கரையில் கீரைக்கும் முருங்கைக்கும் பயறுக்கும் பஞ்சாயத்து பொதுநிலம் ஒதுக்க வேண்டும். பலனை அளக்கவும் எளிய வழி இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் உணவை 10 வகையாகப் பிரித்து, முந்தின நாள் ஒரு பெண் அவற்றில் 5 வகையாவது சாப்பிட்டாரா என்று கேட்கச் சொல்கிறது. அங்கன்வாடி ஊழியர் ஒருவர் மாதம் ஒருமுறை இதைக் கேட்டுக் குறித்தால், மணக்கடவின் நீர்க்கணக்குப் பக்கத்திலேயே அந்தக் கணக்கையும் வைத்துப் பார்க்கலாம்.